கடல் சாமந்திக்கு விளக்கு வைப்பது எப்படி: அது வெளிச்சத்தை உணரும் விதமும் சென்னை வீட்டுத் தொட்டிக்கான கணக்கும்

பூப் போலத் தெரியும் கடல் விலங்கான கடல் சாமந்தியை (sea anemone) வளர்க்கும் வீடுகளில் திரும்பத் திரும்ப நடப்பது இது. விளக்கு எரிந்து பத்து நிமிடத்தில் சாமந்தி சுருங்குகிறது. வெளிச்சம் அதிகம் என்று குறைக்கிறார்கள். மறுநாள் நீண்டு தொங்குகிறது. போதவில்லை என்று கூட்டுகிறார்கள். அதற்கடுத்த நாள் அது பாதத்தைப் பெயர்த்துக்கொண்டு நகரத் தொடங்குகிறது, இரவில் தண்ணீரை ஓடவைக்கும் வேவ்மேக்கர் பம்பில் சிக்கிக் கிழிகிறது. விளக்கும் நல்ல விளக்கு, தண்ணீரும் நல்ல தண்ணீர். ஒவ்வொரு அசைவுக்கும் உடனே பதில் கொடுத்ததுதான் உயிரை வாங்கியது.

சாமந்தி வெளிச்சத்துக்கு இரண்டு வேகத்தில் எதிர்வினை காட்டும். ஒன்று நொடிகளிலும் நிமிடங்களிலும் முடிந்துவிடும். இன்னொன்று நாட்களும் வாரங்களும் எடுக்கும். விளக்கின் அளவை முடிவு செய்ய இரண்டாவதை மட்டும் பார்க்க வேண்டும். முதலாவதற்காக விளக்கைத் தொடவே கூடாது. கீழே வரும் எல்லாக் கணக்கும் இந்தப் பிரிப்பை வைத்துப் போட்டதுதான்.

கண் இல்லாமல் எப்படி உணர்கிறது

சாமந்திக்குக் கண்ணும் இல்லை, மூளையும் இல்லை. உடம்பு முழுக்க வலை போலப் பரவிய நரம்புகள் மட்டும் உண்டு. வெளிச்சத்தைப் பிடிப்பவை ஆப்சின் என்ற புரதங்கள். நம் விழித்திரையில் இருப்பதும் இதே குடும்பம்தான். பவளமும் சாமந்தியும் அடங்கிய கூட்டத்துக்கே உரிய தனி ஆப்சின் வகைகளும் உண்டு. அய்ப்டாசியா என்ற சின்னச் சாமந்தியில் பத்துக்கும் மேற்பட்ட ஆப்சின் மரபணுக்கள் இருக்கின்றன. கண்ணே இல்லாத உயிருக்கு இத்தனை எதற்கு என்ற கேள்விக்கு முழு விடை இன்னும் வரவில்லை. வெளிச்சத்தை உணர்வது ஓர் உறுப்பின் வேலையாக இல்லாமல் உடம்பெங்கும் பரவியிருக்கிறது என்பது மட்டும் தெளிவு. இவை தவிர, நீல வெளிச்சத்தை உணர்ந்து உடல் கடிகாரத்தோடு தொடர்புகொள்ளும் கிரிப்டோகுரோம் புரதங்களும் சாமந்தியில் உண்டு.

இந்த உணர்வு தசைக்குப் போனால் உடனே அசைவு தெரியும். மெட்ரிடியம் என்ற குளிர்கடல் சாமந்தியை வைத்து நார்த், பேன்டின் இருவரும் 1958இல் வெளியிட்ட ஆய்வு இதில் அடிப்படையானது. ஒரு பக்கமிருந்து வெளிச்சம் விழுந்தால் அந்தப் பக்கத்துத் தண்டுத் தசை சுருங்குகிறது, தண்டு வெளிச்சத்தை நோக்கி வளைகிறது. மெட்ரிடியத்தின் உடலில் பாசி கிடையாது. ஆகவே அந்த வளைவு முழுக்கச் சாமந்தியின் சொந்த உணர்வு.

நாம் தொட்டியில் வளர்க்கும் வெப்பக்கடல் சாமந்திகள் அப்படியல்ல. அவற்றின் உள்தோல் செல்களுக்குள் ஒரு செல் பாசிகள் குடியிருக்கின்றன. தண்டின் பழுப்பு நிறம் அவற்றால் வருவதே. பாசி வெளிச்சத்தில் உணவு தயாரிக்கிறது, அதில் பெரும்பங்கு சாமந்திக்குப் போகிறது. சாமந்தியின் நடத்தையையே இந்தப் பாசி மாற்றிவிடுகிறது என்பதுதான் விளக்கு வைப்பவர் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது. விக்கி பியர்ஸ் 1974இல் கலிஃபோர்னியக் கரையின் ஆந்தோப்ளூரா சாமந்தியை வைத்து இதைக் காட்டினார். பாசி உள்ளவை வெளிச்சத்தைப் பார்த்து நகர்ந்தன. பாசி இல்லாத அதே இனம் வெளிச்சத்தைப் பொருட்படுத்தவில்லை. பாசி உள்ளவற்றிலும், எந்த அளவு வெளிச்சத்துக்கு முன்பே பழகியிருந்தன என்பதைப் பொறுத்துச் சில வெளிச்சத்தை நோக்கி வந்தன, சில விலகிப் போயின. மிதமான வெளிச்சத்தில் விரிந்தவை, கடும் வெளிச்சத்திலும் முழு இருட்டிலும் சுருங்கின.

“இந்த இனத்துக்கு இத்தனை வெளிச்சம்” என்று எழுதிவைத்த எண் மட்டும் போதாமல் போவது இதனால்தான். இதற்கு முன் எந்த வெளிச்சத்தில் இருந்தது என்பதும் சேர்ந்துதான் முடிவு செய்கிறது. கடைத் தொட்டியில் மங்கலான விளக்கின் கீழ் மூன்று வாரம் கிடந்த சாமந்திக்கு, அதன் இனத்துக்குச் சரியான வெளிச்சமே முதல் நாள் தாங்க முடியாத வெளிச்சம்.

வீட்டில் செய்து பார்க்க மூன்று சோதனைகள்

விலை கொடுத்து வாங்கிய சாமந்தியைச் சோதனைக்கு எடுக்காதீர்கள். அய்ப்டாசியா போதும். கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்கள் தொல்லை என்று கொல்லத் தேடும் உயிர் அது. அது ஒட்டிய சிறு கல் ஒன்றைக் கேட்டால் மகிழ்ச்சியோடு கொடுப்பார்கள். 2 லிட்டர் கண்ணாடி ஜாடியில், ஓடிக்கொண்டிருக்கும் தொட்டியின் தண்ணீரையே நிரப்பி அதில் வையுங்கள். நீர்மட்டத்தை மார்க்கரால் கோடு போட்டு, ஆவியான அளவுக்கு உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீர் சேருங்கள். மூன்று நாளுக்கு ஒருமுறை பாதித் தண்ணீரை மாற்றுங்கள். எடுத்த தண்ணீரை எக்காரணம் கொண்டும் தொட்டியில் ஊற்ற வேண்டாம். பாதத்தின் ஓரம் பிய்ந்து விழும் சிறு துணுக்குகூடப் புதிய அய்ப்டாசியாவாக வளர்ந்துவிடும். கொதிக்கும் தண்ணீர் கலந்து சாக்கடையில் விடுங்கள்.

முதல் சோதனை வேகமான எதிர்வினைக்கு. ஜாடியை இரண்டு மணி நேரம் அட்டைப்பெட்டிக்குள் மூடிவையுங்கள். பிறகு பெட்டியை மெதுவாக எடுத்து, 30 செ.மீ. தூரத்திலிருந்து வெள்ளை எல்.இ.டி. டார்ச்சை நேராக அடியுங்கள். உணர்கொம்புகள் குட்டையாவதையும் வாய்த்தட்டு உள்ளே இழுபடுவதையும் நேரம் குறித்துக் கவனியுங்கள். வெளிச்சத்தை விட்டுவைத்தால் சிறிது நேரத்தில் திரும்ப விரியும். மறுநாள் இதையே மங்கலாகத் தொடங்கி 20 நிமிடத்தில் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள். இறுதி அளவு ஒன்றே, சுருக்கமோ மிகக் குறைவு அல்லது இல்லவே இல்லை. தொட்டி விளக்கு ஏன் மெல்ல ஏறி மெல்ல இறங்க வேண்டும் என்பது இதிலேயே புரிந்துவிடும். தவறு வரும் இடம் மேசை அதிர்வு. சாமந்தி அதிர்வுக்கும் சுருங்கும். ஆகவே டார்ச்சை எரியவிடாமல் பெட்டியை மட்டும் ஒருமுறை தூக்கிப் பாருங்கள். அப்போதும் சுருங்கினால் நீங்கள் பார்த்தது டார்ச் வெளிச்சத்தின் விளைவு அல்ல.

இரண்டாவது, பக்க வெளிச்சம். ஜாடியின் மூன்று பக்கமும் கறுப்புத் தாள் சுற்றி, மேலே கறுப்பு அட்டை வைத்து, ஒரு பக்கம் மட்டும் திறந்துவிடுங்கள். அந்தப் பக்கம் 30 செ.மீ. தள்ளி 5 வாட் வெள்ளை எல்.இ.டி. பல்பு. பகலில் 10 மணி நேரம் எரியட்டும். பாதத்தின் விளிம்பை ஜாடிக்கு வெளியே மார்க்கரால் வரையுங்கள். தண்டு சாய்வது சில மணி நேரத்தில் தெரியலாம். பாதம் நகர்வதற்கு நாட்கள் ஆகும். மூன்றாம் நாள் தாளை அப்படியே விட்டு, ஜாடியை மட்டும் அரை வட்டம் திருப்பி வையுங்கள். தண்டு மீண்டும் பல்பு பக்கம் திரும்பினால் அது வெளிச்சத்துக்கான அசைவு. திரும்பாமல் பழைய சுவர்ப் பக்கமே நின்றால் வேறு காரணம் தேட வேண்டும். பெரும்பாலும் வெப்பம்தான் ஏமாற்றும். ஜாடியின் இரு பக்கமும் தெர்மாமீட்டர் வைத்து, அரை டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் பல்பைத் தள்ளி வையுங்கள்.

மூன்றாவதுக்குப் பொறுமை வேண்டும். பலன் அதிகம். இரண்டு ஜாடி. ஒன்று வெளிச்சத்தில், ஒன்று மூடிய அலமாரியில். இரண்டுக்கும் வாரம் இருமுறை ஒரே அளவு ஆர்ட்டீமியா (தீவனமாகக் கொடுக்கும் மிகச் சிறிய இறால் போன்ற உயிர்). நாலு முதல் ஆறு வாரத்தில் இருட்டு ஜாடியின் பழுப்பு நிறம் குறைந்து வெளிறும். பிறகு இரண்டையும் ஒரே பக்க வெளிச்சத்தில் வைத்து, யார் எவ்வளவு சாய்கிறது, எவ்வளவு நகர்கிறது என்று ஒப்பிடுங்கள். இருட்டில் பாசி முழுதாகப் போய்விடாது. அதனால் ஒன்று நகரும், மற்றது அசையவே அசையாது என்று எதிர்பார்க்க வேண்டாம். வித்தியாசம் அளவில்தான் தெரியும்.

வண்ணச் சோதனையும் செய்யலாம். சிவப்பு செலோஃபேன் தாள் மற்ற நிறங்களையும் கசியவிடும் என்பதால், தனித்தனி நிற எல்.இ.டி. உள்ள விளக்கே நம்பகம். சாமந்தியின் உணர்வு நீலம், நீலப்பச்சை பக்கம் வலுவானது. கடல்நீர் சிவப்பை முதல் சில மீட்டரிலேயே உறிஞ்சிவிடுவதால் ஆழத்தில் கிடைப்பதும் அந்த நிறங்களே. இரவில் சாமந்தி என்ன செய்கிறது என்று பார்க்க மங்கலான சிவப்பு டார்ச்சைப் பயன்படுத்துவதன் காரணமும் இதுதான்.

தொட்டியும் சாமந்தியும்

வெளிச்சத்தைப் பற்றிப் பேசத் தண்ணீர் முதலில் நிலையாக இருக்க வேண்டும். தொட்டி ஓடத் தொடங்கி ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். உப்பு 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு), அதாவது ஒப்படர்த்தி 1.026. ஹைட்ரோமீட்டர் வேண்டாம், ரிஃப்ராக்டோமீட்டரால் அளக்கவும். வெப்பம் 25 முதல் 27 டிகிரி. அம்மோனியா, நைட்ரைட் பூஜ்யம். நைட்ரேட் 2 முதல் 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு). காரத்தன்மை 8 முதல் 9 டி.கே.ஹெச். கரையிலிருந்து கடல்நீர் எடுத்து வருவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. கூவம், அடையாறு முகத்துவாரங்களின் கழிவும், துறைமுகப் பக்கத்து எண்ணெயும், வடகிழக்குப் பருவமழையில் இறங்கிப்போகும் உப்பளவும் சேர்ந்து கரைநீரை நம்ப முடியாததாக்கிவிடுகின்றன. செயற்கை உப்பைக் கரைக்கவும் ஆர்.ஓ. டி.ஐ. தண்ணீர்தான் (ஆர்.ஓ.வில் வடித்து, மிச்ச அயனிகளையும் நீக்கியது) வேண்டும், கரைந்திருக்கும் தாதுக்களின் அளவான டி.டி.எஸ். பூஜ்யம் காட்ட வேண்டும். வீட்டு ஆர்.ஓ. எந்திரமும் தண்ணி கேனும் ருசிக்காகத் தாது கலந்து கொடுப்பவை. மீட்டர் வைத்துப் பார்த்தாலே தெரியும்.

முதல் சாமந்திக்குப் பபிள் டிப் வகையை (உணர்கொம்பின் முனை குமிழ் போலப் புடைப்பது) எடுங்கள். அது தானாகவே இரண்டாகப் பிரிந்து பெருகும் என்பதால், ஏற்கெனவே வளர்ப்பவர் தொட்டியில் பிரிந்த ஒன்று கிடைக்கும். அது விளக்கு வெளிச்சத்துக்குப் பழகியது, கடலிலிருந்து பறிக்கப்படாதது. கொளத்தூர் கடைகளில் வாங்குவதானால் மூன்று கேள்வி கேளுங்கள்: வந்து எத்தனை நாள், எந்த விளக்கின் கீழ் இருக்கிறது, சாப்பிடுகிறதா. மூடிய வாய், ஒட்டிய பாதம், பழுப்புச் சாயல் இவை மூன்றும் இருக்க வேண்டும். தூய வெள்ளையாகவோ கண்ணைப் பறிக்கும் மஞ்சளாகவோ இருந்தால் பாசியை இழந்தது அல்லது சாயம் ஏற்றப்பட்டது என்று சந்தேகப்படுங்கள். கார்ப்பெட் சாமந்தி, மேக்னிஃபிகா இரண்டும் கடும் வெளிச்சம் கேட்பவை. அனுபவம் வந்தபின் பார்க்கலாம்.

அலங்காரத்துக்குப் பவளக் கல் வாங்க வேண்டாம். கல்பவளங்கள் எல்லாம் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. 21 தீவுகளைக் கொண்ட மன்னார் வளைகுடா 1986 முதல் தேசியப் பூங்கா, அங்கிருந்து எதையும் எடுத்துவரக் கூடாது. சுட்ட பீங்கான் கல் நன்றாகவே வேலை செய்யும். சாமந்தி நீண்ட ஆயுள் கொண்ட உயிர். 1828இல் ஸ்காட்லாந்துக் கரையில் எடுத்த ஒன்று, கண்ணாடி ஜாடியில் 1887 வரை உயிரோடிருந்தது. நம் வீட்டில் ஒரே மாதத்தில் சாகிறதென்றால் அது அதன் ஆயுள் முடிந்ததால் அல்ல.

விளக்கும் அளவும்

60 × 45 × 45 செ.மீ. தொட்டி, ஏறக்குறைய 120 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். நீலமும் வெள்ளையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கக்கூடிய, டைமர் உள்ள எல்.இ.டி. விளக்கு வேண்டும். பாசியின் நிறமிகள் 430 முதல் 490 நானோமீட்டர் நீலத்தை நன்றாக உறிஞ்சுகின்றன. விளக்கை நீர்மட்டத்திலிருந்து 20 முதல் 25 செ.மீ. உயரத்தில் தொங்கவிடுங்கள். இன்னும் கீழே வைத்தால் நடுவில் மட்டும் கொதிக்கும் வெளிச்சமும் ஓரங்களில் இருளும் இருக்கும். சாமந்தி தனக்குப் பிடித்த இடத்தைத் தேர்ந்தெடுக்க வசதியில்லாமல் போய்விடும்.

வெளிச்சத்தை “பார்” (PAR, ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படும் வெளிச்சம்) என்ற அளவில் சொல்வது வழக்கம், மைக்ரோமோல் கணக்கு. பபிள் டிப்புக்கு இறுதி இலக்கு 150 முதல் 200. கார்ப்பெட் வகைக்கு 250க்கு மேல். அய்ப்டாசியாவுக்கு 50 இருந்தாலே தாராளம். பார் மீட்டர் விலை அதிகம், வளர்ப்பவர் குழுவில் யாரிடமாவது ஒரு நாளுக்கு வாங்கி அளந்துகொள்ளுங்கள். செல்போன் லக்ஸ் ஆப்பை இதற்கு நம்ப முடியாது. லக்ஸ் என்பது மனிதக் கண்ணுக்கான அளவு. சூரிய வெளிச்சத்தில் லக்ஸை 54ஆல் வகுத்தால் பார் வரும், நீல எல்.இ.டி.யில் அந்தக் கணக்கு அறவே பொருந்தாது. உண்மையில் இருப்பதைவிடக் குறைவாகக் காட்டி, உங்களை விளக்கைக் கூட்ட வைத்துவிடும். மீட்டரே கிடைக்காவிட்டால் விளக்கின் சதவீதத்தைக் குறைவாகத் தொடங்கி, கீழே சொன்ன வேகத்தில் ஏற்றுங்கள்.

1. வாங்கி வந்த நாள்: பையை அரை மணி நேரம் தொட்டியில் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமமாக்குங்கள். பிறகு 45 முதல் 60 நிமிடம் சொட்டுச் சொட்டாகத் தொட்டித் தண்ணீரைக் கலக்குங்கள். பை தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். தொட்டி விளக்கு அன்று எரியவே வேண்டாம்.

2. வைக்கும் முன்பே எல்லா வேவ்மேக்கரின் உறிஞ்சு வாயையும் நுரைப்பஞ்சு அல்லது வலை உறையால் மூடுங்கள். பொறுத்திருந்து பிறகு செய்யலாம் என்று விடும் வேலையல்ல இது. சாமந்தி நடப்பது பெரும்பாலும் முதல் வாரத்தில்தான்.

3. இரண்டாம் நாள் முதல் 60 முதல் 80 பார், அல்லது விளக்கின் கால் பங்கு சக்தி. ஆறு மணி நேரம்.

4. வாரம் ஒருமுறை மட்டும் கூட்டுங்கள். ஒரு வாரம் 20 பார் அல்லது 5 சதவீதம், அடுத்த வாரம் அரை மணி நேரம். ஒரே வாரத்தில் இரண்டையும் கூட்டினால், ஏதாவது தவறாகும்போது எதனால் என்று கண்டுபிடிக்க முடியாது.

5. இலக்கை எட்ட இரண்டு மூன்று மாதம் ஆகும். ஆகட்டும்.

இறுதி நேர அட்டவணைக்கு எங்கள் பரிந்துரை: காலை 11 மணிக்கு நீலம் 5 சதவீதத்தில் தொடங்கி 12.30க்கு முழு அளவு. மாலை 6.30 வரை அப்படியே. அங்கிருந்து இறங்கி 8.30க்கு அணைப்பு. வீட்டுக்கு வந்ததும் பார்க்க வேண்டும் என்பதற்காகச் சிலர் விளக்கை இரவு 11 வரை எரியவிடுகிறார்கள். ஹாலில் காலை 6 மணிக்கே ஜன்னல் வெளிச்சம் வந்துவிடும். அந்த மங்கலான வெளிச்சம் பாசிக்கு உணவு செய்யப் போதாது, ஆனால் ஆப்சினுக்கும் கிரிப்டோகுரோமுக்கும் அது பகல்தான். அப்படிப் பார்த்தால் சாமந்திக்குப் பகல் 17 மணி நேரம். சென்னையில் மிக நீண்ட ஜூன் பகலே 13 மணி நேரத்தைத் தொடுவதில்லை, டிசம்பரில் பதினொன்றரைக்கும் குறைவு. ஒன்பதரை மணி நேரமாவது நிஜமான இருட்டு கொடுங்கள். இரவில் டியூப் லைட் எரியும் அறையென்றால் தொட்டிக்கு ஒரு திரை போட்டுவிடலாம். நிலா விளக்கு என்று விற்கும் நீல இரவு விளக்கு தேவையில்லை.

அது காட்டுவதைப் படிப்பது

நாளுக்கு ஓரிரு முறை சாமந்தி காற்றுப் போன பை போலச் சுருங்கி, பழுப்பு நிற நூல் போன்ற கழிவைத் துப்பிவிட்டுத் திரும்ப விரியும். இது செரிமானம், வெளிச்சத்தோடு சம்பந்தமில்லை. விளக்கு எரிந்தவுடன் கொஞ்ச நேரம் சுருங்குவதும், தொட்டிக்கு முன் யாராவது டார்ச் அடித்தால் உள்ளிழுத்துக்கொள்வதும் வேகமான எதிர்வினை. இவற்றை நோட்டில்கூட எழுத வேண்டாம்.

எழுத வேண்டியவை வேறு. ஒரு வாரம் தொடர்ந்து தண்டு நீண்டு மெலிந்து, உணர்கொம்புகள் விளக்கை நோக்கி எட்டிக்கொண்டு, பாதம் கல்லின் உச்சிக்கு ஏறினால் வெளிச்சம் குறைவு. விளக்கு முழு அளவில் இருக்கும் மதிய நேரங்களில் நாள் தவறாமல் குறுகி, காலை மாலை மங்கலில் மட்டும் விரிந்து, பாதம் நிழல் பக்கம் இறங்கினால் அதிகம். முன்னதற்கு ஒரு படி கூட்டுங்கள், பின்னதற்கு ஒரு படி குறையுங்கள், பிறகு ஏழு நாள் கையை எடுத்துவிடுங்கள். பபிள் டிப்பின் முனையில் குமிழ் இல்லை என்பதை மட்டும் வைத்து வெளிச்சக் குறைவு என்று முடிவு கட்டக் கூடாது. ஆரோக்கியமான சாமந்தியிலும் குமிழ் வரும், போகும்.

நிறத்தை நீல வெளிச்சத்தில் பார்த்து ஏமாறுவதும் வழக்கம். சாமந்தியின் ஒளிரும் புரதங்கள் நீலத்தின் கீழ் பச்சையாகவும் செம்மஞ்சளாகவும் மின்னும், பாசி குறைந்து வெளிறியதே தெரியாது. வாரம் ஒரு நாள், ஒரே நேரத்தில், வெள்ளை மட்டும் எரியவைத்து, பக்கத்தில் வெள்ளைப் பிளாஸ்டிக் துண்டு ஒன்று தெரியும்படி போட்டோ எடுத்து வையுங்கள். நாலு போட்டோவை வரிசையாகப் பார்த்தால் நிறம் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதில் சந்தேகமே வராது.

அக்னி நட்சத்திரமும் மின்வெட்டும்

கோடையில் சாமந்தி வெளிறுவது பெரும்பாலும் வெளிச்சமும் வெப்பமும் சேர்ந்துதான். தண்ணீர் சூடாகும்போது பாசியின் ஒளிச்சேர்க்கை இயந்திரம் பழுதாகி, அது வாங்கும் வெளிச்சம் உணவாக மாறாமல் செல்லை அரிக்கும் ஆக்சிஜன் மூலக்கூறுகளாக மாறுகிறது. சாமந்தி பாசியையே வெளியேற்றிவிடுகிறது. எனவே ஏப்ரல் முதல் ஜூன் வரை தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் எந்திரம் இல்லாமல் சாமந்தி வளர்ப்பதைத் தவிர்க்கவே சொல்வோம். மின்விசிறியை நீர்மட்டத்தில் அடித்தால் இரண்டு டிகிரி குறையலாம். சென்னையின் ஈரக்காற்றில் அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது, ஆவியாகும் தண்ணீரையும் தினம் ஈடுகட்ட வேண்டும்.

சில்லர் பழுதாகி வெப்பம் 29 டிகிரியைத் தாண்டினால் முதல் வேலை விளக்கை மூன்றில் ஒரு பங்கு குறைப்பது. 30ஐத் தாண்டினால் அணைத்தே விடுங்கள். விளக்குக்கான “மெதுவாக மாற்று” விதி இங்கே பொருந்தாது. அது கூட்டுவதற்குத்தான், ஆபத்தில் குறைப்பதற்கு அல்ல. சூடான தண்ணீரில் ஆக்சிஜனும் குறையும் என்பதால் ஏர் பம்பையும் போடுங்கள்.

மேற்குப் பார்த்த ஜன்னல் தனி ஆபத்து. திறந்த வெளியில் உச்சி வெயில் 2000 பார் வரை இருக்கும். சாய்ந்த மாலை வெயில் பாதிதான் என்றாலும் அரை மணி நேரம் தொட்டியில் நேராக விழுந்தால், மாதக்கணக்கில் பழக்கிய கணக்கு கெட்டுப்போகும். சாமந்தி தினமும் ஜன்னல் பக்கமே சாய்வதாகத் தெரிந்தால் மாலை நாலரைக்கு அறையில் நின்று பாருங்கள். அந்தப் பக்கக் கண்ணாடிக்குக் கறுப்புத் தாள் ஒட்டினால் முடிந்தது. தொட்டியை வைக்கும்போதே டிசம்பரில் மட்டும் பார்த்துவிட்டு இடம் முடிவு செய்யாதீர்கள். வெயில் விழும் கோணம் மே மாதத்தில் வேறு.

மின்வெட்டில் இருட்டு பயமில்லை. கடலிலும் மேகமூட்டமான நாட்கள் உண்டு. இரண்டு மூன்று நாள் விளக்கில்லாமல் சாமந்திக்கு ஒன்றும் ஆகாது, ஓட்டமும் காற்றும் இல்லாவிட்டால்தான் சில மணி நேரத்தில் சிக்கல். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நகரின் பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. இன்வெர்ட்டரில் முதலில் இணைக்க வேண்டியது பம்ப், விளக்கு கடைசி. பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று வீட்டில் இருக்கட்டும். மின்சாரம் திரும்பும் நொடிதான் விளக்கு விஷயத்தில் கவனிக்க வேண்டியது. விலை குறைந்த பல விளக்குகள் நேரத்தை மறந்துவிட்டு, நள்ளிரவானாலும் 100 சதவீத வெள்ளையில் எரியத் தொடங்கும். வாங்கியவுடன் பிளக்கைப் பிடுங்கிப் பத்து நிமிடம் கழித்துச் சொருகிச் சோதித்துவிடுங்கள். நினைவு இல்லாத விளக்கென்றால், மின்வெட்டு நேரங்களில் பிளக்கைக் கழற்றிவைக்க வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். ஐந்து நாளுக்கு மேல் இருட்டில் இருந்திருந்தால் பாதி அளவில் தொடங்கி இரண்டு வாரத்தில் பழைய அளவுக்கு வாருங்கள்.

வெளிறிப்போன சாமந்தியை மீட்பது

வெளிறியதைப் பார்த்ததும் பாசி வளரட்டும் என்று விளக்கைக் கூட்டுவதுதான் பலரும் செய்வது. மிச்சமிருக்கும் கொஞ்சப் பாசி மொத்த வெளிச்சத்தையும் தாங்க வேண்டியிருப்பதால் அது இன்னும் வேகமாகப் போகும். 60 முதல் 80 பாருக்கு இறக்குங்கள், எட்டு மணி நேரம் போதும். பாசி கொடுத்துவந்த உணவை இனி நீங்கள் கொடுக்க வேண்டும். பட்டாணியில் பாதி அளவு இறால் துண்டு அல்லது உறைந்த நிலையிலிருந்து இளக்கிய மைசிஸ் (சிறு இறால் போன்ற தீவன உயிர்), வாரம் மூன்று முறை, பம்பை நிறுத்திவிட்டு உணர்கொம்பில் தொடும்படி வையுங்கள். பெரிய துண்டு கொடுத்தால் மறுநாள் முழுதாகக் கக்கிவிடும், அந்தக் கக்கல் தண்ணீரைக் கெடுக்கும். வாங்கிக்கொள்ளவில்லையென்றால் வற்புறுத்தாமல் ஒரு மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள். கோமாளி மீன் இருந்தால் அது இடித்துக்கொண்டே இருக்கும், உணவையும் பிடுங்கும். சாமந்தி தேறும் வரை துளையுள்ள பெட்டியால் பிரித்து வைக்கலாம்.

பழுப்பு முதலில் உணர்கொம்புகளின் அடியில் திரும்பும். வாராந்திர வெள்ளை வெளிச்சப் போட்டோவில் அது தெளிவாகத் தெரிந்த பிறகுதான் வாரம் 10 பார் வீதம் ஏற்றத் தொடங்க வேண்டும். பல மாதம் ஆகலாம். வாய் நாள்கணக்கில் திறந்தே கிடந்து, பாதம் எதிலும் ஒட்டாமல், தொட்டால் கைவிரலில் கூழாக வந்தால் அது இறந்துவிட்டது. 120 லிட்டர் தொட்டியில் அழுகும் ஒரு சாமந்தி ஒரே இரவில் அம்மோனியாவை ஏற்றி மீன்களையும் கொல்லும் என்பதால் அந்த நிமிடமே வெளியே எடுத்து, கால் பங்குத் தண்ணீரை மாற்றி, தண்ணீரைச் சுத்தம் செய்யும் புதிய கார்பன் (கரி) பையைப் போடுங்கள்.